பறித்தது யார்?

இத்தாலி போகிற நம் ஆட்கள் இப்போதெல்லாம் வெனிஸில் படகு, பைசாவில் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குகிற மாதிரி ஒரு போட்டோ என்பதோடு திரும்பி வருவதில்லை. ‘ஒயின் டேஸ்டிங்’ என்று ஒரு நாளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். முக்கால்வாசிப் பேருக்கு டஸ்கனி. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் வடமேற்கே பியட்மான்ட்டில் இருக்கிற லாங்கே மலைப்பக்கம் போகிறார்கள். நீங்களும் போவதாக இருந்தால், இந்த வாரம் உங்களோடுதான் சண்டை.

குடியை வளர்க்கிறான் என்று கடிதம் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டவர்கள், தயவுசெய்து முழுசாகப் படித்துவிட்டு எழுதவும்.

லாங்கே அழகான ஊர். அதில் தகராறே இல்லை. குன்று, குன்றின் உச்சியில் ஒரு கிராமம், கிராமத்துக்கு ஒரு கோட்டை, சரிவு முழுக்கச் சீப்பால் வாரிவிட்ட மாதிரி திராட்சைக் கொடி வரிசைகள். 2014-ல் யுனெஸ்கோ இந்த நிலக்காட்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. லா மோர்ரா பக்கம் தோட்டத்துக்கு நடுவில் ஒரு குட்டி சாப்பல் நிற்கிறது. 1999-ல் சால் லெவிட், டேவிட் ட்ரெம்லெட் என்ற இரண்டு ஓவியர்கள் அதற்குப் பளபளவென்று வண்ணம் அடித்துவிட்டுப் போனார்கள். பரோலோ கிராமத்தில் கார்க் திருகிக்கு என்றே ஒரு மியூசியம் இருக்கிறது. திருகிக்கு மியூசியம் சார்!

அக்டோபர் முதல் வாரம். நான் போன ஒயினரியின் பேர் வேண்டாம். முப்பது யூரோ கட்டினால் நாலு கோப்பை, கூடவே கிரிசினி என்கிற குச்சி ரொட்டி. விளக்கம் சொன்ன பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு கண்ணாடி ஜாடிகளில் மண்ணைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். இது லா மோர்ரா பக்கத்து மண், ஒயின் மிருதுவாக வரும். இது செர்ராலுங்கா பக்கத்து மண், ஒயின் முறுக்கிக்கொண்டு நிற்கும். பரோலோ என்று லேபிள் ஒட்ட வேண்டுமென்றால் நெப்பியோலோ திராட்சை மட்டும்தான். பதினோரு கிராமங்களுக்குள் விளைந்திருக்க வேண்டும். 38 மாதம் காத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். தோட்டங்களுக்குத் தனித்தனியாகப் பேர் வைத்து 2010-ல் சட்டப்படி வரையறுத்துவிட்டார்கள், 180-க்கு மேல். மூச்சு விடாமல் சொன்னாள். பீப்பாய் மரம் எந்த நாட்டுக் காட்டிலிருந்து வந்தது, தாத்தா ஏன் அப்பாவிடம் ஆறு மாதம் பேசவில்லை, எல்லாம்.

ஒயின் எப்படி? அற்புதம். பொய் சொல்லக்கூடாது. நிறம் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ரொம்ப வெளிறிய சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனால் ரோஜா. ரோஜாவுக்குப் பின்னால், ரோடு போடுகிற இடத்தைக் கடக்கும்போது வருமே, அந்தத் தார் வாசனை. வாயில் வைத்தால் கடுக்காயைக் கடித்த மாதிரி ஒரு துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கிறது. விழுங்கின பிறகு அரை நிமிஷம் கழித்து ஒரு இனிப்பு வருகிறது பாருங்கள், அதற்குத்தான் இந்தக் காசு.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “இந்தத் திராட்சையைப் பறித்தது யார்?”

“நாங்கள்தான். குடும்பம், நண்பர்கள். அது ஒரு திருவிழா மாதிரி” என்றாள் சிரித்துக்கொண்டே.

அவர்களுக்குப் பன்னிரண்டு ஹெக்டேர் தோட்டம் என்று பத்து நிமிஷம் முன்னால் அவளேதான் சொல்லியிருந்தாள். ஹெக்டேருக்கு எட்டு டன் வரை எடுக்கலாம் என்பது விதி. கிட்டத்தட்ட நூறு டன் திராட்சை. அத்தைகளும் சித்தப்பாக்களும் பாட்டுப் பாடிக்கொண்டு பறித்துவிட்டார்களாம்!

அன்றைக்குக் காலையில் ஐந்தரை மணிக்கு, ஆல்பா நகரத்து ரயில் நிலையத்துக்கு எதிரே வெள்ளை வேன்கள் வரிசையாக நிற்பதை நான் பார்த்திருந்தேன். பனி மூட்டத்தில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்க முகங்கள், கிழக்கு ஐரோப்பிய முகங்கள். கையில் பிளாஸ்டிக் பை, அதில் மதியச் சாப்பாடு. ஒருத்தர் முகத்திலும் திருவிழாக் களை இல்லை.

எப்படி நடக்கிறது என்றால், தோட்டக்காரர் நேரடியாக ஆள் எடுப்பது குறைந்துபோய்விட்டது. ‘கூட்டுறவு’ என்று பேர் போட்ட அமைப்புகளிடம் மொத்தமாக கான்ட்ராக்ட் விடுகிறார். சொந்தமாக ஒரு கொடிகூடக் கிடையாது என்பதால் ‘நிலமில்லாத கூட்டுறவு’ என்றே இவற்றுக்குப் பேர். ஒழுங்காக நடத்துகிறவர்களும் உண்டு. ஆனால் பல இடங்களில் உள்ளே இருப்பது நம் ஊரில் மேஸ்திரி, கங்காணி என்று சொல்வோமே, அந்த ஆசாமிதான். இத்தாலியில் அவனுக்குக் கப்பொராலே என்று பேர். மணிக் கூலியில் அவன் பங்கு, வேனுக்குக் காசு, படுக்கிற இடத்துக்குக் காசு. தோட்டக்காரருக்கு ஒரு ரசீது வந்துவிடும். கை சுத்தம்!

2024 ஜூலையில் இதே ஆல்பா பக்கம் போலீஸ் சில கங்காணிகளைக் கைது செய்தது. கூலியைக் கேட்ட தொழிலாளியை இரும்புத் தடியால் அடித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. உலகப் பாரம்பரியச் சின்னத்துக்குள் நடந்தது இது.

அதே மாதம், கிழக்கே வெரோனா மாவட்டத்தில், கிட்டத்தட்ட அடிமைகளாகப் பண்ணை வேலை செய்துகொண்டிருந்த 33 பேரைப் போலீஸ் மீட்டது. 33 பேரும் இந்தியர்கள். பிடித்து வைத்திருந்தவர்களும் இந்தியர்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கு 17,000 யூரோ என்று விசாவுக்கு விலை பேசி, ஊரில் சொத்தை அடமானம் வைக்கச் சொல்லி, வந்ததும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும் வேலை. மணிக்கு நாலு யூரோ. அதற்கு ஒரு மாதம் முன்னால் ரோமுக்குத் தெற்கே லத்தீனா பகுதியில், 31 வயதுப் பஞ்சாபிப் பையன் ஒருவனின் கை இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அவன் தங்கியிருந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். துண்டான கை ஒரு பழக் கூடையில். இரண்டு நாளில் செத்துப்போனான். இந்த இரண்டு சம்பவமும் ஒயினைப் பற்றியது அல்ல, தெரியும். ஆனால் கங்காணி முறை ஒன்றுதான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2015-ல் தெற்கே பூலியாவில், கொளுத்துகிற ஜூலை மாதம், திராட்சைக் குலை கிள்ளிக்கொண்டிருந்த 49 வயதுப் பெண் ஒருவர் தோட்டத்திலேயே விழுந்து இறந்தார். நாள் கூலி 27 யூரோ. அந்த மரணம் கிளப்பிய கூச்சலில், 2016-ல் கங்காணி முறைக்கு எதிராகக் கடுமையான சட்டம் வந்தது. ஆள் வைத்த முதலாளியையும் உள்ளே தள்ளலாம் என்கிற சட்டம். சட்டம் வந்து எட்டு வருஷம் கழித்துத்தான் மேலே சொன்ன இரும்புத் தடி.

இதில் எனக்குப் பொறுக்க முடியாத விஷயம் என்ன தெரியுமா? பசியை மறக்கிற ஊர் இல்லை லாங்கே. ஆல்பாக்காரரான பெப்பே ஃபெனோலியோ 1954-ல் ‘லா மலோரா’ என்று ஒரு சின்ன நாவல் எழுதினார். ஒரு குடியானவன் கடன் தாளாமல் பெற்ற பையனை இன்னொருவன் பண்ணையில் வேலைக்கு விடுகிற கதை, இதே மலையில். நூத்தோ ரெவெல்லி என்பவர் டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், கூனேயோ மாகாணத்துக் கிழவர்கள் சொன்னதையெல்லாம் பதிந்து 1977-ல் ‘தோற்றவர்களின் உலகம்’ என்று புத்தகமாகப் போட்டார். அடுத்து 1985-ல் பெண்களின் வாக்குமூலம். அதில் தெற்கிலிருந்து வந்த மருமகள்கள் பேசுகிறார்கள். மலையில் ஏழைக் குடியானவனுக்குப் பெண் கொடுக்க உள்ளூரில் ஆள் இல்லாமல், தரகர் மூலம் கலாப்ரியாவிலிருந்து போட்டோ பார்த்துப் பெண் எடுத்தார்கள். மொழி புரியாது, குளிர் பழக்கமில்லை. வந்து இறங்கிய பெண்களில் சிலர் வீட்டைப் பார்த்து அழுதார்கள்.

பிறகு ஆல்பாவில் சாக்லேட் தொழிற்சாலை வளர்ந்தது. நம் ஊர்க் கடைகளில் தங்கக் காகிதம் சுற்றி விற்கிறதே, அதே ஃபெரெரோ கம்பெனி. கிராமம் கிராமமாக பஸ் விட்டு ஆட்களைக் கூட்டிப் போனது. நிலத்தை விற்காமலே மாதச் சம்பளம் கிடைத்தது. அப்புறம் ஒயினுக்கு மவுசு வந்தது. இன்று நல்ல சரிவில் ஒரு ஹெக்டேர் பத்து லட்சம் யூரோவைத் தாண்டும். நம் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் நாலு கோடி ரூபாய். முன்னேறினது தப்பா? இல்லவே இல்லை. நன்றாக இருக்கட்டும். ஆனால் டேஸ்டிங் ரூம் சுவரில் ஓட்டைக் கால்சட்டை போட்ட தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டுகிறார்கள். அதே வேலையை இன்றைக்கு அதே மாதிரிக் கால்சட்டையில் செய்கிறவனின் போட்டோ எங்கே?

ஒரு கணக்குப் போடுவோம். எட்டு டன்னில் ஏழாயிரம் பாட்டிலுக்குக் கொஞ்சம் மேலே வரும். பாட்டிலுக்கு ஒரு கிலோ சொச்சம். ஒரு ஆள் மணிக்கு ஐம்பது கிலோ பறிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சரிவு செங்குத்து, மெஷின் ஏறாது, கையால்தான். அப்படியானால் மணிக்கு நாற்பத்தைந்து பாட்டில். மணிக்கு ஐந்து யூரோ கூலி என்றால் பாட்டிலுக்குப் பதினோரு சென்ட். பத்து யூரோ கொடுத்தால் இருபத்திரண்டு. பறிப்பது மட்டும் வேலையில்லை, கவாத்து செய்வது, கொடி கட்டுவது, இலை கிள்ளுவது, பச்சைக் குலையைக் குறைப்பது எல்லாம் சேர்த்துப் பத்து மடங்கு என்றே வையுங்கள். திருட்டுக் கூலிக்கும் நியாயமான கூலிக்கும் வித்தியாசம் பாட்டிலுக்கு ஒரு யூரோ பத்து சென்ட். என்னிடம் விற்ற பாட்டில் நாற்பத்தெட்டு யூரோ.

“டூர் போன இடத்தில் லேபர் இன்ஸ்பெக்டர் வேலை பார்க்கணுமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் 1986 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். பரோலோவிலிருந்து காரில் கால் மணி நேரத்தில் நர்சோலே என்று ஒரு ஊர். மலிவு ஒயினில் சாராய அளவை ஏற்றிக் காட்ட மெத்தனால் கலந்து விற்றார்கள். இருபது பேருக்கு மேல் செத்தார்கள், பலருக்குக் கண் போனது. (2024-ல் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் கொன்ற அதே மெத்தனால்.) வெளிநாடுகள் இத்தாலிய ஒயினைத் துறைமுகத்திலேயே நிறுத்தின. அந்த வருஷமே கலப்படத்தைப் பிடிக்கத் தனி அமைப்பு ஏற்படுத்திச் சட்டம் போட்டார்கள். இன்று எந்தத் தயாரிப்பாளரைக் கேட்டாலும், அந்த அவமானத்துக்கப்புறம்தான் அளவைக் குறைத்துத் தரத்தைப் பிடித்தோம் என்று பெருமையாகச் சொல்வார். குடிக்கிறவன் செத்தபோது மொத்தத் தொழிலும் திருந்தியது. பறிக்கிறவன் அடி வாங்கினபோது ஒரு ஆர்டர் ரத்தானதாக நான் கேள்விப்படவில்லை.

லேபிளையும் பாருங்கள். சல்பைட் இருக்கிறதா என்று போட வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து ஐரோப்பாவில் எத்தனை கலோரி, என்னென்ன சேர்மானம் என்பதுகூடக் கட்டாயம். கூலியைப் பற்றி அதில் ஒரு வரி போடக் கட்டாயம் இல்லை. நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுகிற விமர்சகர்களும் ரோஜாவுக்கு மார்க் போடுகிறார்கள், தாருக்குப் போடுகிறார்கள். என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். இதே மலையைப் பற்றி முன்பொருமுறை எழுதினபோது மண்ணையும் மூடுபனியையும் இரண்டு பக்கம் வர்ணித்துவிட்டு வந்தவன்தான் நான்.

நம்ம ஊரில் மட்டும் என்ன வாழுதாம் என்று ஒருவர் ஆரம்பிப்பார். வாழவில்லை. அதனால்தான் கங்காணி என்ற சொல்லுக்கு நமக்கு அகராதி தேவைப்படவில்லை. இங்கே கேட்க வேண்டியதை இங்கே கேளுங்கள். அங்கே முப்பது யூரோ கட்டி உட்கார்ந்திருக்கும்போது அங்கே கேட்க வேண்டியதைக் கேளுங்கள். யார் பறித்தது? நீங்களே ஆள் எடுத்தீர்களா, கான்ட்ராக்டா? ராத்திரி எங்கே தூங்குகிறார்கள்? மூணே கேள்வி. மண் ஜாடியைத் தூக்கிக் காட்டுகிறவரால் இதற்கும் பதில் சொல்ல முடியும்.

மறுநாள் மோன்ஃபோர்த்தே பக்கம் ஒரு கிழவரிடம் கேட்டேன். மூன்று ஹெக்டேர்காரர். ஒன்றும் பேசாமல் எழுந்து, டிராக்டர் கொட்டகைக்கு மேலே மாடிக்குக் கூட்டிப்போனார். இரண்டு அறை, நாலு கட்டில், ஒரு ஹீட்டர், கொடியில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. மாசிடோனியாக்காரர்கள், ஒன்பது வருஷமாக அதே நாலு பேர் வருகிறார்களாம். கீழே இறங்கினதும் புலம்ப ஆரம்பித்தார். பக்கத்துத் தோட்டக்காரன் கான்ட்ராக்ட் விட்டு மிச்சம் பிடிக்கிறான், நான் சம்பளம், இன்ஷூரன்ஸ், ஹீட்டர் கரண்ட் பில் எல்லாம் கட்டுகிறேன், அமெரிக்காவிலிருந்து வருகிற ஏஜென்ட் என் விலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறான், நீயே சொல் என்றார். அவருடைய பரோலோ, உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் முரடு. இரண்டு பாட்டில் வாங்கினேன். இரண்டு பாட்டிலுக்கும் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி புலம்பத் தொடங்கினார்.