இஸ்லாமை அதன் வாசல் வழியாக அறிவோம்

தமிழகத்தில் முஸ்லிம் அண்டைவீட்டாரோடு பழகாத கிறிஸ்தவர்கள் குறைவு. ரமலானில் நோன்புக் கஞ்சியும் பக்ரீத்தில் பிரியாணியும் கிறிஸ்துமஸில் கேக்கும் வீடு மாறிப் போகின்றன. ஆனால், பக்கத்து வீட்டுக்காரர் எதை நம்பித் தொழுகிறார் என்று கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. தெரியும் என்று நினைப்பவர்களும் மனத்தில் ஓர் அட்டவணையைத்தான் வைத்திருக்கிறார்கள். நமக்கு இயேசு, அவர்களுக்கு முகமது நபி. நமக்கு பைபிள், அவர்களுக்குக் குர்ஆன். நமக்குப் பாதிரியார், அவர்களுக்கு இமாம். கேட்க வசதியாக இருக்கும் இந்த அட்டவணை ஏறக்குறைய முழுவதும் தவறு. இஸ்லாமைக் கிறிஸ்தவத்தின் அச்சில் ஊற்றிப் பார்க்கும் வரை, அதைப் போற்றினாலும் தூற்றினாலும் நாம் பேசுவது இஸ்லாமைப் பற்றியே இல்லை என்பது என் துணிபு.

கிறிஸ்தவ நம்பிக்கையில் கடவுள் தம்மை முழுமையாக வெளிப்படுத்தியது இயேசு என்ற ஆளில். நற்செய்தி நூல்கள் அவரைப் பற்றிய சாட்சியங்கள். மத்தேயு, மாற்கு என்று எழுதியவர் பெயராலேயே அவற்றை அழைக்க நாம் தயங்குவதில்லை. குர்ஆனை முகமது நபி எழுதினார் என்று ஒரு முஸ்லிம் ஒருபோதும் சொல்ல மாட்டார். ஜிப்ரீல் என்ற வானவர் வழியாக ஏறத்தாழ 23 ஆண்டுகளில் அருளப்பட்ட இறைவனின் சொல் அது. நபி அதைப் பெற்று அறிவித்தவர். ஆகவே குர்ஆனுக்கு இணையாக நம்மிடம் உள்ளது பைபிளைவிடக் கிறிஸ்துவே என்று சமய ஆய்வாளர் வில்பிரட் கான்ட்வெல் ஸ்மித் சுட்டிக்காட்டினார். இதைப் பிடித்துக்கொண்டால் பல விஷயங்கள் விளங்கும். தமிழ் மட்டுமே தெரிந்த மூதாட்டியும் தொழுகையில் அரபியில் ஓதுவது ஏன்? சிறுவர்கள் முழுக் குர்ஆனையும் மனப்பாடம் செய்து ஹாஃபிஸ் ஆவது ஏன்? ஒரு பிரதி அவமதிக்கப்பட்டால் உலகெங்கும் மனங்கள் கொதிப்பது ஏன்? முகமது நபியோ முஸ்லிம்களுக்கு உயிரினும் மேலானவர். என்றாலும் 632இல் மதீனாவில் மறைந்த மனிதர். அவரை யாரும் தொழுவதில்லை. இமாமும் நம் குருவானவரைப் போல அருட்பொழிவு பெற்றவர் அல்லர். பாவமன்னிப்பு வழங்குவதும் அவர் வேலை இல்லை. தொழுகையை முன்னின்று நடத்துவதே அவர் பணி. ஓதத் தெரிந்த, தகுதியுள்ள எவரும் அந்த இடத்தில் நிற்கலாம்.

இஸ்லாத்தின் மையம் ஒன்றே: இறைவன் ஒருவன், அவனுக்கு இணை யாரும் இல்லை. வானவர்கள், வேதங்கள், நபிமார்கள், மறுமை நாள், இறைவனின் விதி ஆகியவற்றின் மீதான நம்பிக்கைகள் இதைச் சூழ்ந்தே நிற்கின்றன. ஐந்து கடமைகளும் இதைத்தான் உடலுக்கும் பணத்துக்கும் நேரத்துக்கும் கற்றுத் தருகின்றன. கலிமா அதை வாயால் அறிக்கையிடுகிறது. சுப்ஹு, லுஹர், அஸர், மஃரிப், இஷா என்று ஐந்து வேளைத் தொழுகை, ஒரு நாளை மனிதனின் கையிலிருந்து எடுத்து இறைவன் முன் வைக்கிறது. ஜகாத்தை நாம் காணிக்கை என்றோ தருமம் என்றோ புரிந்துகொள்கிறோம், இரண்டும் பொருந்தாது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓராண்டு கையிருப்பில் உள்ள சேமிப்பில் இரண்டரை சதவீதம் ஏழையின் உரிமை. கொடுப்பவர் மனமிரங்கித் தருவதாக அதில் எதுவும் இல்லை, கடனைத் தீர்க்கிறார். நோன்பும் அப்படியே. 2025 மார்ச்சில் ரமலானும் நம் தவக்காலமும் சில நாள் இடைவெளியில் தொடங்கின. இரண்டும் ஒன்றுதானே என்று பலரும் அன்போடு சொன்னார்கள். ஆனால் தவக்காலம் சிலுவையை நோக்கி நடக்கும் துயரப் பயணம். ரமலான் குர்ஆன் அருளப்பட்ட மாதத்தின் கொண்டாட்டம். விடியல் முதல் அந்தி வரை தண்ணீர்கூடப் பருகாத அந்த மாதத்தை ஒரு முஸ்லிம் துக்கத்தோடு எதிர்பார்ப்பதில்லை, ஆவலோடு எதிர்பார்க்கிறார். வசதியும் உடல்நலமும் உள்ளவர்கள் வாழ்வில் ஒருமுறை செய்யும் ஹஜ்ஜில், இப்ராஹிம் நபியின் குடும்பத்து நினைவுகள் பின்னிக் கிடக்கின்றன. அவரை நாம் ஆபிரகாம் என்று அறிவோம். பலியிடப்பட இருந்த மகன் ஈசாக்கு என்கிறது நம் வேதம். குர்ஆன் பெயர் சொல்லவில்லை, பெரும்பாலான முஸ்லிம்கள் இஸ்மாயில் என்று நம்புகிறார்கள்.

கிறிஸ்தவருக்கு எல்லாவற்றிலும் கடினமான இடம் ஈஸா நபி, அதாவது இயேசு. குர்ஆனின் 19ஆவது அத்தியாயத்துக்கு மர்யம் (மரியாள்) என்றே பெயர். இயேசுவைக் கன்னி ஈன்றதை, அவர் பார்வையற்றோரைக் குணமாக்கியதை, இறந்தோரை எழுப்பியதை, அவரே மஸீஹ் (மெசியா) என்பதைக் குர்ஆன் ஒப்புக்கொள்கிறது. அவர் இறைமகன் என்பதையும் சிலுவையில் இறந்தார் என்பதையும் மறுக்கிறது. இதைக் கேட்டதும் நம் ஆண்டவரை அவமதிக்கிறார்கள் என்று கொதிப்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. தன் நேசத்துக்குரிய நபியை எதிரிகளின் கையில் கேவலப்பட இறைவன் விட்டுவிட மாட்டான் என்ற மரியாதையிலிருந்து அந்த மறுப்பு பிறக்கிறது. இன்னொரு காரணம் ஆதாமின் கதைக்குள் இருக்கிறது. குர்ஆனில் ஆதாம் தவறு செய்கிறார், மன்னிப்புக் கேட்கிறார், மன்னிக்கப்படுகிறார், விஷயம் முடிந்தது. ஜென்மப் பாவம் என்ற சுமை அங்கே இல்லை. சுமை இல்லாதபோது அதைச் சுமக்க ஒரு மீட்பர் தேவைப்படுவதில்லை. மனிதனுக்கு வேண்டியது வழிகாட்டுதல், அதைத் தருபவர்களே நபிமார்கள். நான் சிலுவையை நம்புகிறவன். ஆனால் இந்தக் கட்டமைப்புக்குள் ஒரு முரண்பாடும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது.

வெறுப்பு பெருகும் காலத்தில் வேற்றுமையைப் பேசலாமா, எல்லாச் சமயமும் ஒன்றே என்று சொல்லிவிடலாமே என்பார்கள் நல்ல மனம் கொண்டவர்கள். அப்படிச் சொல்வது இரு தரப்பின் நம்பிக்கையையும் பொருட்படுத்தாமல் விடுவதாகும். 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குவதாகச் சொன்னது. அவர்கள் இயேசுவைக் கடவுளாக ஏற்பதில்லை என்பதையும் அதே பத்தியில் மறைக்காமல் எழுதியது. 2007இல் 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்குத் திறந்த மடல் எழுதியபோதும், இறையன்பு, அயலார் அன்பு என்ற இரண்டு கட்டளைகளைப் பொதுவிடமாகக் காட்டினார்களே தவிர, இரு சமயங்களும் ஒன்று என்று சொல்லவில்லை. மதிப்பும் மறுப்பும் ஒரே வாக்கியத்தில் இருக்க இடமுண்டு.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்புத் தேவாலயங்களிலும் கொழும்பு ஓட்டல்களிலும் இஸ்லாத்தின் பெயரால் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்பில் இறந்தவர்கள் தமிழ்க் கிறிஸ்தவர்கள். பாகிஸ்தானில் ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண் தெய்வநிந்தனைச் சட்டத்தில் 2010இல் மரண தண்டனை பெற்றார். இந்தக் காயங்களை மறந்துவிட்டு அறிமுகப் பாடம் படிக்கச் சொல்வது சரியா என்று கேட்பவர்களின் வலி நியாயமானது. அந்த வலியோடே முழு விவரத்தையும் பார்க்க வேண்டும். இலங்கைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரானைக் குறித்து முஸ்லிம்களே முன்கூட்டி அதிகாரிகளை எச்சரித்திருந்தார்கள். தாக்கியவர்களின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா அறிவித்தது. ஆசியா பீபிக்காகக் குரல் கொடுத்துக் கொல்லப்பட்ட ஆளுநர் சல்மான் தசீர் ஒரு முஸ்லிம். 2018இல் ஆசியா பீபியை விடுவித்த தீர்ப்பும் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றத்துடையதே. குற்றவாளியையும் அண்டைவீட்டாரையும் பிரித்தறியத் தெரியாத கோபம் என்ன செய்யும் என்பதையும் இலங்கை காட்டியது. அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில் எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன.

அடுத்தவர் சமயத்தைப் படித்தால் பிள்ளைகளின் விசுவாசம் தளரும் என்ற அச்சமும் சபைகளில் இருக்கிறது. ஜென்மப் பாவம் இல்லாத ஒரு சமயத்தை அறிந்த பிள்ளை, நாம் ஏன் சிலுவையை நம்புகிறோம் என்று கேட்கும். பதில் சொல்ல முடியாவிட்டால் குறை நம் போதனையில் இருக்கிறது. இறையியல் கல்லூரிகளில் பிற சமயங்கள் பாடமாக உண்டு. ஞாயிறு பள்ளியிலும் மறைக்கல்வி வகுப்பிலும் அது எட்டிப்பார்ப்பதில்லை, அந்த இடத்தை வாட்ஸ்அப் நிரப்புகிறது. அயலாருக்கு எதிரான பொய்ச்சாட்சியைப் பத்துக் கட்டளைகள் தடை செய்கின்றன. தெரியாமல் பரப்புகிற பொய்க்கும் அந்தக் கட்டளை பொருந்தும். ஆயர்களுக்கும் பங்குத்தந்தைகளுக்கும் போதகர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த ரமலானுக்கு முன் ஒரு வாரமாவது பிள்ளைகளுக்கு இஸ்லாமைப் பற்றிப் பாடம் வையுங்கள். அந்தப் பாடத்தை எடுக்க ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து மார்க்க அறிஞரான ஓர் ஆலிமையே அழையுங்கள்.