பம்ப்பை மாற்றும் முன் பிரஷரைப் பாருங்கள்!

கேள்வி: 2004-ம் ஆண்டு மாருதி 800, எம்.பி.எஃப்.ஐ. வண்டி. வாரம் இரண்டு முறை அம்மாவை டயாலிசிஸுக்காகப் பெரியபாளையத்திலிருந்து திருவள்ளூருக்கு அழைத்துப்போக இந்த கார்தான் உதவி. ஒரு மாதமாக, கிளம்பிய இருபது நிமிடத்தில் வண்டி திணறி, நடுவழியில் நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது. டேங்கில் உள்ள பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். சம்பா நடவுக்கு வைத்திருக்கும் பணத்தை எடுத்து மாற்றலாமா?

- வாசகர், பெரியபாளையம்.

பதில்: நடவுப் பணத்தில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். பம்ப் பழுதாக இருக்கலாம். ஆனால், இதே அறிகுறியைக் காட்டும் கோளாறுகள் இன்னும் நான்கைந்து உண்டு. அவற்றில் சில, செலவே இல்லாமல் சரியாகக் கூடியவை. எது பழுது என்று அளந்து பார்த்த பிறகுதான் பாகத்தை வாங்க வேண்டும்.

சொட்டுநீர் போட்ட விவசாயிக்கு இது எளிதாகப் புரியும். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் பம்ப், ஆழ்துளைக் கிணற்றில் இருக்கும் சப்மெர்சிபிள் மோட்டார் மாதிரி. அடுத்து வரும் ஃபில்டர், வயலின் தலைப்பில் இருக்கும் வடிகட்டி. இன்ஜின் மேல் உள்ள இன்ஜெக்டர்கள்தான் சொட்டுவான்கள். அழுத்தத்தைச் சீராக வைத்து, மிச்சத்தை டேங்குக்கே திருப்பி அனுப்புவது ரெகுலேட்டர். இந்த வகை வண்டிகளில் பெட்ரோல் சுமார் இரண்டரை முதல் மூன்று கிலோ பிரஷரில் இன்ஜினுக்குப் போக வேண்டும். கடைமடையில் சொட்டு குறைந்தால் யாரும் உடனே மோட்டாரைக் கழற்றுவதில்லை. கேஜைப் பார்க்கிறோம், வடிகட்டியைக் கழுவுகிறோம், வோல்டேஜ் பார்க்கிறோம். காருக்கும் அதே வரிசைதான்.

வண்டி நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டியவை

இந்தக் கோளாறு வந்து வந்து போவதால், நின்ற அந்தப் பத்து நிமிடம்தான் முக்கியம். முதலில் வண்டியைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளி, நான்கு விளக்குகளும் மின்னும்படி போட்டுக்கொள்ளுங்கள்.

1. டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் பலமாக வந்து, உடனே வண்டியும் ஸ்டார்ட் ஆனால், டேங்குக்குக் காற்றுப் போகும் வழி அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப்பால் இழுக்க முடியாமல் போகும். மூடியையோ காற்றுக் குழாயையோ சரிசெய்தால் போதும்.

2. சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்புங்கள். செல்ஃப் அடிக்க வேண்டாம். பின்சீட் பக்கம் இரண்டு, மூன்று விநாடி 'உய்ங்' என்று சத்தம் வந்து அடங்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் பம்ப்புக்குக் கரன்ட் போகவில்லை, அல்லது பம்ப் சுற்றவில்லை. ஃபியூஸ், ரிலே, எலி கடித்த ஒயர், துருப்பிடித்த எர்த் இணைப்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். சூடானால் விட்டுப்போய், ஆறினால் வேலை செய்வது பழைய ரிலேயின் வழக்கமான குணம்.

3. சத்தம் வழக்கம்போல் வருகிறது, செல்ஃபும் எடுக்கிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லையா? அப்போது பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று மெக்கானிக் பார்க்க வேண்டும். காயிலும் சென்சாரும்கூடச் சூடானால் செயலிழந்து, ஆறினால் உயிர் பெறும். அது பெட்ரோல் கோளாறே அல்ல.

இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், மெக்கானிக்குக்கும் வேலை பாதியாகக் குறையும்.

ஒர்க் ஷாப்பில் கேட்க வேண்டியவை

'பிரஷர் கேஜ் போட்டுக் காட்டுங்கள்' என்று தயங்காமல் கேளுங்கள். வண்டியை நிறுத்தி வைத்தபடியே அரை மணி நேரம் ஓட்டி, சூடான பிறகும் பார்க்க வேண்டும்.

ஆரம்பத்திலிருந்தே பிரஷர் குறைவு என்றால், முதலில் ஃபில்டரை மாற்றி மறுபடி அளக்கவும். ஃபில்டர் விலை பம்ப்பின் விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அப்போதும் ஏறவில்லையா? பம்ப் ஓடும்போது அதன் இணைப்பில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்க்கவும். பேட்டரியில் 12 வோல்ட்டுக்கு மேல் இருந்து, பம்ப்பில் 9 அல்லது 10 மட்டுமே வந்தால் குற்றம் ஒயரில். லோ வோல்டேஜில் மோட்டார் தண்ணீர் ஏற்றாத கதைதான். புது பம்ப் போட்டாலும் அதே நிலைதான்.

ரெகுலேட்டரின் மேல் மெல்லிய ரப்பர் வேக்கம் குழாய் இருந்தால், இன்ஜின் ஆறிய பிறகு கழற்றிப் பாருங்கள். அதற்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் கிழிந்துவிட்டது.

வண்டியை அணைத்ததும் பிரஷர் மளமளவென இறங்கினால், பம்ப்பின் வால்வு, ரெகுலேட்டர், கசியும் இன்ஜெக்டர் ஆகிய மூன்றில் ஒன்று. காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பது இதன் அடையாளம்.

புது ஃபில்டர் போட்டு, வோல்டேஜும் சரியாக இருந்து, சூடானதும் பிரஷர் விழுகிறது என்றால் மட்டுமே பம்ப் மீது தீர்ப்பு எழுதலாம். அப்போது தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

எத்தனாலும் தண்ணீரும்

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலிருந்து எடுப்பது என்பதால் விவசாயிக்கு அது சந்தை. ஆனால், 2004-ம் ஆண்டு வண்டியின் ரப்பர் குழாய்களும் சீல்களும் இந்த அளவு எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் பிரிந்து, பம்ப் உறிஞ்சும் அடிப்பகுதியிலேயே தங்கும். சந்தேகம் இருந்தால், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கைக் கழுவ வேண்டும். வெடிப்பு விட்ட குழாய்களை மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள்.

டேங்க் எப்போதும் கால் பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். பம்ப்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். தண்ணீர் இல்லாமல் ஓடிய சப்மெர்சிபிள் மோட்டாரின் கதி அதற்கும் வரும்.

இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்

அணைத்த பிறகும் குழாயில் பிரஷர் இருக்கும். அவிழ்த்தால் பீய்ச்சி அடிக்கும். பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிய பிறகே குழாயைத் தொட வேண்டும். வேலையை வெட்டவெளியில் செய்யுங்கள். அருகில் பீடி, அடுப்பு, குழந்தைகள் கூடாது. டியூபை வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் பழக்கம் அறவே கூடாது. நுரையீரலுக்குள் ஒரு மிடறு போனாலும் ஆபத்து.

கடைசியாக ஒன்று. கோளாறு தெரியும்வரை அம்மாவை அந்த காரில் அழைத்துப் போக வேண்டாம். டயாலிசிஸ் நாளைத் தள்ளிப்போட முடியாது. இரண்டு வாரத்துக்கு ஊரில் ஒரு வாடகை வண்டியைச் சொல்லி வையுங்கள். அந்த நாள்களில் நீங்கள் தனியாக காரை எடுத்து, பக்கத்துச் சாலையிலேயே இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அது நிற்கட்டும். நின்றால்தான் மேலே சொன்ன சோதனைகளைச் செய்ய முடியும்.