தேதி குறிக்கும் முன் அண்ணனைக் கேளுங்கள்

கல்யாணத்துக்குத் தேதி குறிக்கும்போது ஜோதிடரைக் கேட்கிறோம். மண்டபம் காலியாக இருக்கிறதா என்று விசாரிக்கிறோம். சமையல்காரருக்கு அன்றைக்கு வேறு வேலை இருக்கிறதா என்றுகூடக் கேட்டுவிடுகிறோம். தம்மாமிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் அண்ணனுக்கு மட்டும் எல்லாம் முடிந்த பிறகு போன் போகிறது: “தேதி வச்சாச்சு, லீவு சொல்லிடுப்பா.” பல வீடுகளில் மண்டபத்துக்கு முன்பணம் கட்டியதே அவர் அனுப்பிய பணத்தில்தான். அவர் எப்படி வந்து சேருவார் என்று மட்டும் தேதி குறித்தபோது யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

அவரால் வர முடியாமல் போனால், ‘கொடுத்து வைக்கவில்லை’ என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறோம். இதில் விதிக்கு வேலையே இல்லை. வேலை கொடுப்பவர்கள், விமானங்களுக்கு அனுமதி கொடுப்பவர்கள், தேதி குறிக்கும் குடும்பத்தார் என்று மூன்று தரப்பார் எடுக்கும் முடிவுகள்தான் அவரை அங்கேயே நிறுத்திவைக்கின்றன. மூன்றையும் மாற்றலாம். குடும்பத்தின் முடிவை நாளைக்கே மாற்றலாம்.

சாவுக்கு உண்டு, கல்யாணத்துக்கு இல்லை

ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டு பணி முடித்தவருக்கு ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. உடன்பிறந்தவர் இறந்தால் தனியாக 3 நாள் கிடைக்கும். உடன்பிறந்தவருக்குக் கல்யாணம் என்றால் தனி விடுப்பு ஏதுமில்லை. சவூதியில் ஆண்டு விடுப்பு 21 நாள். ஒரே முதலாளியிடம் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தால் 30 நாள். சிங்கப்பூரில் சட்டம் உறுதிசெய்யும் குறைந்தபட்ச விடுப்பு முதல் ஆண்டில் 7 நாள் மட்டுமே. எட்டாவது ஆண்டில்தான் அது 14 நாளாகிறது.

விடுப்பு கணக்கில் இருந்தாலும், அதை எப்போது எடுப்பது என்பதை வேலைதான் முடிவுசெய்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ‘ஷட்டவுன்’ வேலை நடக்கும் வாரங்களில் ஒருவருக்கும் லீவு கிடைக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் கம்பெனி டிக்கெட் என்று ஒப்பந்தம் இருந்தால், இடையில் வருகிறவர் சொந்தக் காசில் வர வேண்டும்.

அடுத்தது, நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி. 2021 மார்ச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, சவூதியின் தனியார் துறைத் தொழிலாளர்கள் முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே வெளியேறித் திரும்பி வருவதற்கான ‘எக்ஸிட் ரீ-என்ட்ரி’ விசா பெறலாம். வீட்டு வேலையாட்கள், வீட்டு டிரைவர்கள், பண்ணைத் தொழிலாளர்களுக்கு அது பொருந்தாது; கஃபீல் எனப்படும் பொறுப்பாளர் முதலாளி மனம் வைத்தால்தான் அவர்கள் ஊரைப் பார்க்க முடியும். குவைத்தில் 2025 ஜூலை 1 முதல் தனியார் துறை வெளிநாட்டு ஊழியர்கள் அனைவருமே முதலாளியின் ஒப்புதலோடு வெளியேறும் அனுமதி பெற வேண்டும் என்று விதித்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் கணினித் துறையில் கைநிறையச் சம்பாதிப்பவர்களும் இதற்குத் தப்பவில்லை. 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, எச்1பி விசாவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் ஆணையிட்டார். வெளிநாடு சென்றிருந்த ஊழியர்கள் உடனே திரும்ப வேண்டும் என்று பெரிய நிறுவனங்கள் அவசரத் தகவல் அனுப்பின. புதிய மனுக்களுக்கு மட்டும்தான் கட்டணம் என்ற விளக்கம் மறுநாள்தான் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளை ஆராயும் நடைமுறையால் இந்தியாவில் விசா நேர்காணல்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. ஊருக்கு வந்தவர்கள் பலர் திரும்ப முடியாமல் தவித்தார்கள். அதன் பிறகு, தங்கை கல்யாணத்துக்குப் போனால் வேலை என்னவாகும் என்று கணக்குப் போடாதவர்கள் அங்கே குறைவு.

திருச்சிக்கு வர முடியாத விமானங்கள்

ஆடி, புரட்டாசி, மார்கழியை ஒதுக்கிவிட்டால் முகூர்த்த நாட்கள் சில மாதங்களுக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. கிறிஸ்தவர்கள் தவக்காலத்தைத் தவிர்க்கிறார்கள். மண்டபம், விடுமுறை, சுற்றத்தார் வசதி என்று பார்த்து, இருப்பதிலும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து எல்லோரும் வைக்கிறோம். எல்லோரும் ஒரே வாரத்தில் பறக்க நினைத்தால் டிக்கெட் விலை ஏறாமல் என்ன செய்யும்? 1994இல் விமானத் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டதிலிருந்து கட்டணத்தை நிறுவனங்களே வைத்துக்கொள்கின்றன.

விலையை ஏற்றுவது தேவை மட்டுமல்ல, இருக்கைப் பற்றாக்குறையும்தான். இந்தியாவுக்கும் அமீரகத்துக்கும் இடையே வாரத்துக்கு எத்தனை இருக்கைகள், எந்தெந்த ஊர்கள் என்பதை இரு அரசுகளின் ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. அமீரக விமானங்கள் இறங்கக்கூடிய ஊர்களின் பட்டியலில் திருச்சி இல்லை. 2024 ஜனவரி 2ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்த பெரிய புதிய முனையம் அங்கே இருக்கிறது. வளைகுடாவில் வேலை செய்யும் லட்சக்கணக்கானோரின் சொந்த மாவட்டங்கள் அதைச் சுற்றி இருக்கின்றன. ஆனாலும் புதுக்கோட்டைக்காரர்கள் பலர் சென்னையிலோ கொச்சியிலோ கொழும்பிலோ இறங்கி ஊர் வந்து சேர்கிறார்கள். மூன்று நாள் லீவில் வருகிறவருக்கு இப்படிச் சுற்றுவதிலேயே ஒரு நாள் கரைகிறது.

பொரி அள்ளிப்போடும் கை

கல்யாணமும் சுருங்கிவிட்டது. சனி மாலை வரவேற்பு, ஞாயிறு விடியலில் முகூர்த்தம், மதியச் சாப்பாட்டோடு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும். இந்தச் சில மணி நேரத்துக்குள் அண்ணன் நிற்க வேண்டிய இடங்கள் உண்டு. அக்கினிக்கு முன்னால் தங்கையின் குவித்த கைகளில் பொரியை அள்ளிப்போடுவது சகோதரன். வராத அண்ணனுக்குப் பதிலாகப் பெரியப்பா மகன் நிற்கிறார். பக்கத்தில் ஒரு பையன் செல்போனை உயர்த்திப் பிடித்திருக்கிறான். இங்கே ஆறு மணி, ரியாத்தில் மூன்றரை. கேம்ப் அறையில் மற்றவர்கள் தூங்குவதால் விளக்கைப் போடாமல், கட்டிலில் உட்கார்ந்து அண்ணன் பார்க்கிறார். கெட்டிமேளம் கொட்டும்போது அவர் ஏதோ சொல்கிறார்; சத்தத்தில் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கு வேலைக்குப் போகும் பஸ் வந்துவிடும்.

வந்து சேர்ந்தவரின் நிலையும் அவ்வளவு நல்லதில்லை. மண்டபப் பாக்கி, பாத்திர வாடகை, போட்டோக்காரர் என்று எல்லாக் கணக்கும் அவர் தலையில் விழுகிறது. ஒருவர் கடன் கேட்கிறார், இன்னொருவர் மகனுக்கு விசா கேட்கிறார். அம்மாவோடு அரை மணி நேரம் உட்காராமலே அவர் திங்கட்கிழமை விமானம் ஏறுகிறார்.

வளைந்து கொடுத்தவர்கள்

நாள் நட்சத்திரத்தை மாற்றவே முடியாது என்பவர்கள் ஈழத்தமிழ்க் குடும்பங்களைப் பார்க்க வேண்டும். அகதியாக அடைக்கலம் பெற்றவர்களின் பயண ஆவணத்தில், விட்டு வந்த சொந்த நாட்டுக்குப் போக அனுமதி இருப்பதில்லை. அதனால் யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோரும், ரொறன்ரோவிலிருந்து அண்ணனும், பாரிஸிலிருந்து அக்காவும் சென்னையிலும் திருச்சியிலும் கூடிக் கல்யாணம் செய்தார்கள். எல்லோரும் வந்து சேரக்கூடிய ஊரே கல்யாண ஊரானது; சடங்கில் ஒரு குறையும் வரவில்லை. நம் கடலோர முஸ்லிம் வீடுகள் பலவற்றிலும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபராளி ஊர் வரும் நாளை ஒட்டித்தான் நிக்காஹ் வைக்கிறார்கள். ஆளை முன்னால் வைத்து நாளைப் பின்னால் வைப்பது நமக்குப் புதிய பழக்கம் இல்லை.

தமிழ்நாடு அரசு 2022 முதல் ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் நாளாக அறிவித்துக் கொண்டாடத் தொடங்கியது. அந்தத் தமிழர்களுக்கு விழாவை விட உதவக்கூடியது, திருச்சியையும் மதுரையையும் வளைகுடா விமான நிறுவனங்களுக்குத் திறந்துவிடும்படி மத்திய அரசை விடாமல் வலியுறுத்துவது. புதிய தொழிலாளர் உடன்பாடுகள் போடும்போது, உடன்பிறந்தோர், பிள்ளைகள் கல்யாணத்துக்கான விடுப்பையும் மத்திய அரசு கேட்டுப் பெற வேண்டும்.

அது நடக்கும்வரை வீட்டார் காத்திருக்க வேண்டாம். பஞ்சாங்கம் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு முகூர்த்தத்தைத் தருவதில்லை. ஜோதிடரிடம் மூன்று நாள் வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு முன்பே அவற்றை வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்பி, எந்த நாளில் லீவு கிடைக்கும் என்று கேளுங்கள். அவர் சொன்ன நாளில் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுங்கள். வந்தவரிடம் கணக்கு நோட்டைக் கொடுக்காமல், ஒரு நாளாவது அம்மாவோடு இருக்க விடுங்கள்.