பிளைவுட் வாங்கப் போறீங்களா?

தில்லி, குர்கான் பக்கம் ஃபிளாட் வாங்கின நம்ம ஊர்க்காரங்க என்கிட்ட கேக்கற முதல் கேள்வி: "எந்த பிராண்டு பிளைவுட் நல்லது? மேல தேக்கு ஒட்டினதா வாங்கட்டுமா?" ஹரியானாவுல இதே தொழில்ல பொழப்பு நடத்துறவன்கிற முறையில சொல்றேன், மேல்பூச்சைப் பார்க்காதீங்க. பலகையோட பலம் பெரும்பாலும் பிரஸ்ஸுலயே முடிவாயிடுது.

யமுனாநகர்ல பாப்ளர் மரத்தை மெல்லிசா சீவி, அந்த ஏடுகளை வெட்டவெளியில காயப் போடுவாங்க. மே மாச வெயில்ல அப்பளமா காயும். ஜனவரிப் பனிமூட்டத்துல? ஈரம் லேசுல போகாது. ஆர்டர் அவசரம்னா அப்படியே பசை தடவி ஏத்திடறவங்களும் உண்டு. சூட்டுல அந்த ஈரம் ஆவியாகி, அழுத்தத்தை எடுத்ததும் அடுக்குகளைப் பிளந்துகிட்டு வெளியே வரும். சில சமயம் கொப்புளமா தெரியும், பல சமயம் தெரியவே தெரியாது.

அடுத்தது பசை. யூரியா பிசினுக்கு 110 டிகிரி போதும்; விலையும் கம்மி, ஆனா தண்ணி ஆகாது. பீனால் பிசினுக்கு 140 டிகிரி பக்கம் வேணும், தடிமனுக்கு ஏத்த நேரமும் வேணும். சீக்கிரம் எடுத்தா உற்பத்தி கூடும், நடு அடுக்குல பசை வேகாது. உள்ளே மாவா இருக்கற இட்லிதான்!

சமையலறைக்கு ஐ.எஸ். 710 முத்திரை இருக்கான்னு கேளுங்க. அந்தத் தரத்துப் பலகை 72 மணி நேரம் கொதிச்சாலும் பிரியக் கூடாது. சந்தேகமா இருந்தா ஒரு துண்டு வாங்கி, பழைய பாத்திரத்துல (சமைக்கற பாத்திரம் வேண்டாம் சாமி) சில மணி நேரம் கொதிக்க விடுங்க. ஏடு பிரிஞ்சா அந்தக் கடைப் பக்கமே போகாதீங்க. துண்டு கேட்டா கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.