தூசி வில்லன் இல்லை

வானியல் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் தருகிற ஒரு விஷயம் உண்டு. விண்மீன்களுக்கு நடுவே மிதக்கும் தூசியை எல்லோரும் வில்லனாகவே பார்க்கிறார்கள். ஒளியை மறைக்கிறதாம், ஆய்வுக்குத் தொல்லையாம். பாதிதான் உண்மை.

மறைப்பது நிஜம்தான். தொலைவில் உள்ள விண்மீன் கூட்டங்கள் இருக்கவேண்டியதைவிட மங்கலாகத் தெரிவதை 1930லேயே ராபர்ட் டிரம்ப்ளர் காட்டிவிட்டார். ஆனால் நம் வீட்டு அலமாரித் தூசி மாதிரி நினைக்காதீர்கள். இது சிலிகேட்டும் கரியும். ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுத் துணுக்குகள், கிட்டத்தட்ட சிகரெட் புகை. நீளமான அலைகள் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதனால் சிவப்பு ஒளி ஓரளவு தப்பிக்கும், அலைநீளம் குறைந்த புற ஊதா வசமாக மாட்டிக்கொள்ளும். அதிலும் 2175 ஆங்ஸ்ட்ராம் அருகே உறிஞ்சல் திடீரென்று எகிறுகிறது. 1965ல் ராக்கெட்டில் போன கருவிகள் கண்டுபிடித்த சமாச்சாரம் இது. கரிதான் காரணம் என்கிறார்கள் பலரும். எந்த வடிவக் கரி என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை.

சரி, உறிஞ்சிய சக்தி எங்கே போகிறது? நான் படிப்பது காமர்ஸ், பற்று என்றால் வரவு எங்கே என்று தேடுகிற புத்தி :-) தூசி அதில் லேசாகச் சூடாகி (சூடு என்றால் மைனஸ் 250 டிகிரி சுமாருக்கு!) அகச்சிவப்பாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பைசா குறையாமல்.

இந்த வரவைப் பார்க்காமல் கணக்கு எழுதினால்? ஆர்ப் 220 என்ற கேலக்ஸி சாதாரண ஒளியில் ஒரு மங்கலான கிறுக்கல். 1983ல் ஐராஸ் செயற்கைக்கோள் அகச்சிவப்பில் பார்த்தபோதுதான், அது சூரியனைப்போல லட்சம் கோடி மடங்குக்கும் மேல் சக்தி கொட்டுவது தெரிந்தது. உள்ளே புது விண்மீன்கள் மளமளவென்று பிறக்கின்றன. புற ஊதாவை அதிகம் கொட்டுவது இளம் விண்மீன்கள்தான். அதை மட்டும் வைத்துப் பிறப்புக் கணக்கு எடுத்தால் ஆர்ப் 220 போன்றவை பதிவேட்டிலேயே வராது.

இன்னொன்று. ஹைட்ரஜன் அணுக்கள் ஜோடி சேர்ந்து மூலக்கூறாவதே பெரும்பாலும் தூசியின் மேற்பரப்பில்தான். அவற்றை உடைக்கிற புற ஊதாவை வழிமறிப்பதும் தூசி. அந்த மறைவில்தான் மேகம் குளிர்ந்து, சுருங்கி, அடுத்த விண்மீன் உருவாகிறது. இதற்கா தொல்லை என்று பெயர்?

2023ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதே 2175 தடயத்தை, பெருவெடிப்புக்குப் பின் 100 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்துக் கேலக்ஸி ஒன்றில் கண்டது. அவ்வளவு சீக்கிரம் கரித்தூசி எப்படி வந்தது என்று இப்போது மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.