சேமிப்புப் பெட்டிக்கு எஜமானர் யார்?

பெங்களூரின் வடமேற்கே, துமகூர்ச் சாலையை ஒட்டி அமைந்த பீன்யாத் தொழிற்பேட்டை, ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாகக் கருதப்படுவது. 1970-களின் பிற்பகுதியில் உருவான இப்பகுதியின் சிறு பட்டறைகளில், முப்பது ஆண்டு உழைத்த கடைசல் இயந்திரம் ஒன்றைக் காண்பது அரிதன்று. தேய்ந்த பேரிங்கை மாற்றுவார்கள், மோட்டாரை மாற்றுவார்கள், வேண்டுமானால் பழைய இயந்திரத்திற்குப் புதிய கட்டுப்பாட்டுப் பெட்டியையே பொருத்துவார்கள். இதற்காக இயந்திரத்தைச் செய்தவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று எவரும் எண்ணுவதில்லை.

அதே பட்டறையின் அலுவலக மேஜைமீது, வீட்டு உபயோகத்திற்கென்று விற்கப்படும் ‘நாஸ்’ என்னும் வலைச் சேமிப்புப் பெட்டி ஒன்று இருக்கிறதென்று கொள்வோம். வாடிக்கையாளரின் வரைபடங்களும், சி.என்.சி. இயந்திரத்திற்கான நிரல்களும், கணக்குகளும் அதனுள் இருக்கும். பெட்டி பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கையிலேயே, ‘இதற்கு இனி ஆதரவு இல்லை, வேறொன்று வாங்கிக்கொள்க’ என்று உற்பத்தியாளர் அறிவித்து விடுகிறார். இரும்பில் பழுது இல்லை. உள்ளிருக்கும் இயங்குதளத்திற்கு மட்டும் வயதாகிவிட்டது. அவ்வாறாயின் அந்த இயங்குதளத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை பெட்டியை விலை கொடுத்து வாங்கியவருக்கு உண்டா, இல்லையா? உண்டு என்பதும், அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடாமல் நடைமுறையில் பயன்பட வேண்டும் என்பதும் நமது கருத்து.

முதலில் பெட்டியின் அமைப்பை நோக்குவோம். பெயர் எதுவாயினும் அது ஒரு சிறு கணினியே. ஒரு செயலி, சிறிதளவு நினைவகம், ஒன்றிரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், வலைக் கம்பியைச் செருகும் துளை ஆகியவை அதன் உறுப்புகள். இவற்றை ஆளும் இயங்குதளம் பெரும்பாலும் லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. டிஸ்க்கு கெட்டால் புதியது பொருத்தலாம். ஆனால் இயங்குதளத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, அதை அடைப்பார் எவரும் இலர் என்றால், பெட்டி முழுவதுமே ஆபத்துக்கு உள்ளாகிறது.

இவ்வாபத்து வெறும் கற்பனையன்று. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2010-இல் அறிமுகம் செய்த ‘மை புக் லைவ்’ என்னும் பெட்டிக்குக் கடைசித் திருத்தம் 2015-இல் வந்தது. 2021 ஜூனில் உலகின் பல பாகங்களில் அதன் உரிமையாளர்கள், தம் சேமிப்பு முழுவதும் அழிக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். பெட்டியை ஆதி நிலைக்குத் திருப்பும் ஆணையை ஏற்குமுன் கடவுச்சொல் கேட்க வேண்டிய சோதனை, நிரலில் செயலற்றுக் கிடந்தது என்று பின்னர் தெரியவந்தது. 2024 ஏப்ரலில், டி-லிங்க் நிறுவனத்தின் பழைய சேமிப்புப் பெட்டிகள் சிலவற்றில் கடுமையான ஓட்டை வெளிப்பட்டது. அவற்றின் ஆதரவுக் காலம் முடிந்துவிட்டமையால் திருத்தம் வராது என்றும், அவற்றை உபயோகத்திலிருந்து நீக்கிவிடுமாறும் நிறுவனம் கூறியது.

நீக்குவதைத் தவிர வேறு வழி இல்லையா எனின், உண்டு என்பதற்கு வரலாறே சான்று. லிங்க்ஸிஸ் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ‘என்.எஸ்.எல்.யு.2’ என்னும் சிறு பெட்டியில் 32 மெகாபைட் நினைவகமும் 8 மெகாபைட் ஃபிளாஷுமே இருந்தன. அதன் மென்பொருளின் மூல நிரல் வெளியிடப்பட்டிருந்தமையால், ஆர்வலர்கள் அதைப் படித்தறிந்து புதிய இயங்குதளங்களை ஆக்கினர். 2007-இல் வெளிவந்த டெபியன் 4.0 அப்பெட்டியிலும் ஓடிற்று. இன்று டெபியனை அடிப்படையாகக் கொண்ட ‘ஓப்பன்மீடியாவால்ட்’ போன்ற, சேமிப்பிற்கென்றே ஆன இயங்குதளங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன.

ஆயினும் இவ்வேலையை எளிது என்று கூறி வாசகர்களை ஏமாற்றலாகாது. இன்டெல் வகைச் செயலி உள்ள பெட்டிகள் பலவற்றில், யு.எஸ்.பி. குச்சியிலிருந்தே புதிய இயங்குதளத்தைத் தொடங்கிப் பார்க்கலாம். ஆர்ம் வகைச் செயலி உள்ளவற்றிலோ, ஒவ்வொரு மாதிரிக்கும் தொடக்க நிரல் வேறுபடும். ஃபிளாஷில் தவறாக எழுதிவிட்டால் பெட்டி வெறும் கல்லாகிவிடும். விசிறியை ஆளும் நிரல் பொருந்தாவிடின் டிஸ்க்குகள் சூடேறும். எனவே இதில் இறங்குவோர் சேமிப்பு முழுவதையும் வேறோர் இடத்தில் பிரதியெடுத்து, அப்பிரதி திறக்கிறதா என்று சோதித்த பின்னரே தொடங்க வேண்டும். பழைய ஃபிளாஷின் உள்ளடக்கத்தையும் பத்திரப்படுத்துதல் நலம். புதிய இயங்குதளம் வந்த பிறகும் பெட்டியை இணையத்திற்கு நேரே திறந்துவைத்தல் கூடாது. பிரதியெடுக்கும் வழக்கத்தையும் கைவிடலாகாது.

சாமானிய உரிமையாளரால் இது ஆகுமா என்று சிலர் வினவலாம். கடைசல் இயந்திரத்தின் பேரிங்கையும் அனைவரும் தாமே மாற்றுவதில்லை. அதற்கென மெக்கானிக் இருக்கிறார். மெக்கானிக் வேலை செய்ய வேண்டுமானால் மூடியைத் திறக்க முடிய வேண்டும் என்பதே இங்கு முக்கியம். சில பெட்டிகள் உற்பத்தியாளரின் கையொப்பமிட்ட இயங்குதளத்தையன்றி வேறெதையும் ஏற்காதவாறு பூட்டப்பட்டுள்ளன. லினக்ஸ் கருநிரலுக்குரிய ஜி.பி.எல். உரிமத்தின் 1991-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு, மூல நிரலைத் தரும்படி விதிக்கிறது. நுகர்பொருள்களில் மாற்றிய நிரலைப் பொருத்துவதற்கு வேண்டிய விவரங்களையும் தர வேண்டும் என்னும் விதி 2007-இல் மூன்றாம் பதிப்பில்தான் தெளிவாக வந்தது. கருநிரலோ இரண்டாம் பதிப்பிலேயே நிற்கிறது. ஆகவே நிரல் கைக்குக் கிடைத்தும் பெட்டிக்குள் செல்ல இயலாத நிலை ஏற்படுகிறது. உரிமத்தால் தீராத இக்குறையைச் சட்டம்தான் தீர்க்க வேண்டும்.

ஒரு கருவியின் ஆயுளை நல்ல பராமரிப்பு எவ்வளவு நீட்டிக்கும் என்பதற்குப் பீன்யாவிலேயே ஓர் உயர்ந்த எடுத்துக்காட்டு உண்டு. இஸ்ரோவின் தொலைத்தொடர்பு மற்றும் கட்டுப்பாட்டு அமைப்பான இஸ்ட்ராக் இங்குதான் இருக்கிறது. 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை எய்திய மங்கள்யான், ஆறு மாத உழைப்புக்கென்று திட்டமிடப்பட்டது. 2017 ஜனவரியில், நீண்ட கிரகண நிழலில் சிக்காதவாறு அதன் பாதை மாற்றப்பட்டது. இத்தகைய கவனத்தால் அது 2022 வரை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் செயற்பட்டது. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கலத்தைப் பூமியிலிருந்து ஆணை அனுப்பிப் பேண முடிகிறதெனில், மேஜைமேல் இருக்கும் பெட்டியைப் பேணுவதற்கு இயற்கையின் தடை ஏதுமில்லை. உள்ளது மனிதர் இட்ட பூட்டே.

பிற நாடுகள் இத்துறையில் சில அடிகள் எடுத்துவைத்துள்ளன. பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவரை கிடைக்கும் என்பதை உற்பத்தியாளர் வெளியிட வேண்டும் என்னும் விதி, பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் சட்டம், பொதுவாக ஐந்தாண்டு ஆதரவையேனும் கோருகிறது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் பொருந்தும். நம் நாட்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022 ஜூலையில் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையவாயில் தொடங்கப்பட்டது. திருகும் உதிரிப் பாகமும் பற்றிய கவலை அம்முயற்சியில் இடம்பெறுவது நன்றே. அத்தோடு இயங்குதளமும் ஓர் உதிரிப் பாகமாகவே கருதப்படுதல் வேண்டும்.

இதன் பொருட்டு இரண்டு விதிகள் தேவை. ஆதரவு முடியும் தேதி பெட்டியின் மேலுறையிலேயே அச்சிடப்பட வேண்டும். அத்தேதி வந்ததும் உற்பத்தியாளர் தொடக்க நிரலின் பூட்டைத் திறந்து, வன்பொருள் விவரங்களை வெளியிட வேண்டும். உடைமையைக் கைவிட்டவர் சாவியை மட்டும் தம்மிடம் வைத்திருப்பது நியாயமாகாது. விதி வந்தபின் வேலையறிந்த கைகளும் வேண்டும். 1962-இல் நிறுவப்பெற்று இயந்திரத் தொழிலுக்குத் துணைநின்று வரும் மத்திய உற்பத்தித் தொழில்நுட்பக் கழகம் இதே துமகூர்ச் சாலையில்தான் உள்ளது. அதனையொத்த நிறுவனங்களும் பாலிடெக்னிக்குகளும் இப்பணியைக் குறுகிய காலப் பயிற்சியாகக் கற்பித்தால், பட்டறைதோறும் பயன் விளையும்.

நல்ல நிலையில் உள்ள பெட்டியைக் குப்பையில் எறிவது நாட்டுக்கு நட்டம். காவலற்ற பெட்டியைத் தொடர்ந்து ஓட்டுவது உரிமையாளருக்கு நட்டம். இவ்விரண்டிலும் ஒன்றையே தேர்ந்தெடுக்கும்படி வாங்கியவரை நிறுத்தும் வழக்கம் ஒழிய வேண்டும்.