மண்ணெண்ணெயும் ஜெனீவாவும்

2022 ஆம் ஆண்டு ஜூன் 17 ஆம் திகதி, ஜெனீவா நகரில் உலக வர்த்தகத் தாபனத்தின் அமைச்சர்கள் விடிய விடியக் கண்விழித்து ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றினர். கடல் வளத்தை அழிக்கும் மீன்பிடி மானியங்களைக் கட்டுப்படுத்துவதற்கான ஒப்பந்தம் அது. கரகோஷம் எழுந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம், இலங்கையில் 87 ரூபாவுக்கு விற்ற ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஓரிரவில் 340 ரூபாவாயிற்று. இதற்குக் கரகோஷம் எழவில்லை. பேசாலையிலும் வங்காலையிலும் தாழ்வுபாட்டிலும் வள்ளங்கள் கரையிற் கிடந்தன.

இவ்விரு செய்திகளையும் பத்திரிகைகள் வெவ்வேறு பக்கங்களிலே பிரசுரித்தன. ஒன்று சர்வதேசச் செய்தி. மற்றது விலைவாசிச் செய்தி. வகுப்பறையிற் பொருளியல் கற்பிப்போரும் இவற்றை இரு வேறு அத்தியாயங்களாகவே நடத்தி முடிக்கின்றனர். இரண்டும் ஒரே செய்தி என்பது நமது கட்சி.

மண்ணெண்ணெய் என்றதும் நகரத்து வாசகருக்குக் குப்பி விளக்கு ஞாபகம் வரலாம். மன்னார்த் தீவில் அது கடலின் எரிபொருள். கண்ணாடிநார் வள்ளத்தின் பின்புறத்தில் மாட்டியிருக்கும் சிறிய இயந்திரம் பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுவது. நண்டோ, சூடையோ, கணவாயோ கிடைக்குமா என்பதைக் கடல் தீர்மானிக்கும். கடலுக்குப் போவதா இல்லையா என்பதை மண்ணெண்ணெய் தீர்மானிக்கும். இது போர்க் காலத்தில் கடல்வலயத் தடைகளால் முடக்கப்பட்ட கரை. 2009 க்குப் பின் கடன்பட்டு வலையும் வள்ளமும் தேடிய கரை. 1990 இல் விரட்டப்பட்டு, பல்லாண்டு அகதி வாழ்வின் பின் திரும்பிய முஸ்லிம் கடற்றொழிலாளரும் இக்கரையில் இருக்கின்றனர். இவர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய மானியம் மலிவான மண்ணெண்ணெய் ஒன்றே.

ஜெனீவாவில் நடந்தது என்ன? மானியப் பேச்சு 2001 இல் தோஹாவில் ஆரம்பமாயிற்று. இருபத்தோராண்டு பேசியபின், சட்டவிரோத மீன்பிடிக்கும், அருகிப்போன மீனினங்களைப் பிடிப்பதற்கும், எவருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத ஆழ்கடலிற் பிடிப்பதற்கும் மானியம் வழங்கலாகாது என்று எழுதினர். நல்லதே. ஆனால் நோயின் மூலம் அங்கே இல்லை. அளவுக்கு மிஞ்சிய கப்பற் படைகளைக் கட்டுவதற்கும், தூர தேசத்துக் கடல்களுக்கு அவற்றை ஏவுவதற்கும் அரசாங்கங்கள் கொட்டுகிற பணமே மூலம். அந்த அத்தியாயம் பின்னொரு நாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. 2024 இல் அபுதாபியிற் கூடியும் முடிவு காணவில்லை. மூலத்தைத் தொடாத அந்தப் பாதி ஒப்பந்தமே 2025 செப்ரெம்பர் 15 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

2018 ஆம் ஆண்டில் உலக அரசாங்கங்கள் மீன்பிடிக்கு வழங்கிய மானியம் ஏறத்தாழ 3,540 கோடி டொலர் என ஆய்வாளர் கணித்தனர். அதில் 2,200 கோடிக்கு மேற்பட்ட தொகை, பிடிக்கும் சக்தியைப் பெருக்குவதற்கே சென்றது. மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு பெரும் முதலீட்டுத் தொழிலுக்கு. கொடுத்தவர்களின் வரிசையில் முன்னிற்போர் சீனா, ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, தென்கொரியா, ஜப்பான். இவர்களுக்காக நகலில் எழுதப்பட்ட விதிவிலக்கைப் பாருங்கள்: மீன்வளத்தைத் தாம் முறையாகப் பேணி வருவதாகக் காட்டக்கூடிய நாடு மானியத்தைத் தொடரலாம். காட்டுவதற்கு ஆய்வுக் கப்பல் வேண்டும், புள்ளிவிபரத் திணைக்களம் வேண்டும், விஞ்ஞானிகள் வேண்டும். எல்லாம் வைத்திருப்பவன் கடலைத் துடைத்தெடுத்துவிட்டு அறிக்கையும் காட்டுவான். இல்லாதவனுக்கு அளித்த சலுகையோ இரண்டு ஆண்டுத் தவணை: தன் கடல் எல்லைக்குள் வழங்கும் சில மானியங்களுக்காக அவன்மீது அதுவரை வழக்குத் தொடரமாட்டார்களாம்.

தூர தேசத்துப் படைகளை வைத்திருக்கும் நாடுகள் 25 ஆண்டுகளுக்குத் தம் மானியத்தை நிறுத்த வேண்டும், வளர்முக நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்று இந்தியா வாதாடியது. முதற் கோரிக்கை நியாயமானது. நாம் அதை ஆதரிக்கிறோம். இரண்டாவதற்குப் பிறகு வருவோம்.

ஏழை நாடு ஜெனீவாவிற் போராடி மானியம் வழங்கும் உரிமையைப் பெறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அவ்வுரிமை வாஷிங்ரனில் என்னவாகிறது? 2022 ஏப்ரிலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை நான்கு மடங்காயிற்று. செப்ரெம்பர் முதலாந் திகதி சர்வதேச நாணய நிதியத்தின் அலுவலருடன் உடன்பாடு கண்டாயிற்று. எரிபொருளை அடக்க விலைக்கே விற்க வேண்டும் என்பது அதன் அம்சங்களுள் ஒன்று. 2023 மார்ச்சில் ஏறக்குறைய 300 கோடி டொலர் கடனுக்கு நிதியம் ஒப்புதல் அளித்தது. பின்னர் விலை ஓரளவு இறங்கியது உண்மை. பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஒரு மேசையில் இருபதாண்டு பேசிக் கிடைப்பதை இன்னொரு மேசை பத்து நாளிற் பறித்துவிடுகிறது. அந்த இரண்டாவது மேசையில் ஏழைநாட்டுக்கு வாக்கே அற்பம். அங்கே பணத்தின் அளவே வாக்கின் அளவு.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் நமது வாசகரிற் பலர் திருப்தியடைவர். ஏகாதிபத்தியத்தை ஏசிவிட்டோம்; கட்டுரை முடிந்தது. மன்னார்க் கடல் அவ்வளவு சுலபமாக நம்மை விடுவதாயில்லை.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே முப்பது கிலோமீற்றர் அளவே தூரம். திங்கள், புதன், சனி இரவுகளில் மறுகரையிலிருந்து இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வருகின்றன. அடிக்கடலை உழுது, இறாலோடு குஞ்சையும் புல்லையும் பவளத்தையும் வாரிச் செல்கின்றன. குறுக்கே கிடக்கும் மன்னார் வலைகள் அறுபடுகின்றன. இந்தியாவின் விசைப்படகு யுகத்துக்கு 1952 இல் ஒப்பந்தமாகிய நோர்வே உதவித் திட்டம் வித்திட்டது; ஏற்றுமதி இறாலின் விலை அதை வளர்த்தது. இன்று அவ்விசைப்படகுகள் எரிப்பது தமிழ்நாட்டு அரசு விற்பனை வரி விலக்கி வழங்கும் டீசல். அதுவும் மானியமே! வளர்முக நாடொன்றின் மானியம் இன்னொரு வளர்முக நாட்டு ஏழையின் வலையை அறுக்கிறது.

இந்தியா கேட்ட அந்த 25 ஆண்டு அவகாசம் யாருக்கு? கட்டுமரக்காரனுக்கெனில் நமக்கு வழக்கில்லை. ஐம்பது ஆண்டும் கொடுக்கலாம். இழுவைப் படகு முதலாளிக்கெனில் மன்னார்க் கடலில் 25 ஆண்டின் பின் என்ன மிஞ்சும்? ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளில் அதை ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா இருக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம்.

தமிழனைத் தமிழனுக்கெதிராக மூட்டிவிடுவதாக நண்பர் சிலர் நம்மேற் குற்றஞ் சாட்டக்கூடும். சிறைப்படுகிறவர் யார் என்று பாருங்கள். இலங்கைக் கடற்படை பிடித்து மன்னார் நீதிமன்றில் நிறுத்துவது பெரும்பாலும் பங்குக்கும் கூலிக்கும் வந்த தொழிலாளியை. படகின் சொந்தக்காரர் பலர் கரையில் இருக்கின்றனர். அவ்வாறே நம் கரையும் புனிதமானதல்ல. குருநகரிலும் பேசாலையிலும் இழுவை மடி ஓடியிருக்கிறது. அதனை 2017 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. மோதல் இரு மொழிகளுக்கோ இரு கொடிகளுக்கோ இடையில் இல்லை. சிறு வலைக்கும் இழுவை மடிக்கும் இடையில் உள்ளது. "வளர்முக நாடுகளின் நலன்" என்ற சொற்றொடர் இப்பிளவை மூடி வைக்கிறது. அதனாற்றான் பெரிய முதலாளிகளுக்கு அச்சொற்றொடர் இத்தனை இனிக்கிறது.

பழைய கணக்கொன்று. அரிப்பிலும் சிலாபத்துறையிலும் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், மூச்சடக்கிக் குளித்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. பிரித்தானிய அரசுக்கு மூன்றில் இரண்டு. 1906 இல் அச்சலாபத்தையே இலண்டன் கம்பனியொன்றுக்குக் குத்தகைக்கு விட்டனர். கம்பனி நொடித்தது, சிப்பியும் அருகிற்று. அன்று வரி யாருக்குப் போயிற்றென்றாவது தெரிந்தது. இன்று மன்னார்த் தீவின் மணலில் இல்மனைற்று இருக்கிறதென்று அவுஸ்திரேலியக் கம்பனி துளைபோட்டுப் பார்த்திருக்கிறது. மக்கள் எதிர்த்து நிற்கின்றனர். மணல் போய்விட்டால், இலாபம் எந்தத் தேசத்துக் கணக்கில் எழுதப்படும்? அவ்விதிகளைப் பாரிஸிலே செல்வந்த நாடுகளின் மன்றம் வகுத்தது. 2021 ஒக்ரோபரில் 140 நாடுகளுள் 136 அதனை ஏற்றன. ஏற்காத நான்கனுள் இலங்கையும் ஒன்று. இந்த அரசுகள் செய்த நல்ல காரியங்களை நாம் எண்ண நேர்வது அபூர்வமாதலால் இதைச் சொல்லி வைக்கிறோம். வரி விதிகளை ஐக்கிய நாடுகள் சபையிலே வகுக்க வேண்டும் என்ற ஆபிரிக்க நாடுகளின் முயற்சி இப்போது நடைபெறுகிறது. 2025 பெப்ரவரியில் அமெரிக்கா அங்கிருந்து எழுந்து போயிற்று.

இந்தத் தீவுக்கு இத்தகைய மேசைகள் புதியனவல்ல. கடற் சட்டத்துக்கான ஐ.நா. மகாநாட்டுக்கு 1980 இல் இறக்கும்வரை தலைமை வகித்தவர் இலங்கையரான ஹமில்ரன் சேர்லி அமரசிங்க. அதே காலத்தில், 1974 இலும் 1976 இலும், பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் எல்லைக் கோடு கீறப்பட்டது. கையொப்பமிட்டோருள் கரைவலை இழுப்பவர் எவருமிலர்.

ஆகவே நமது கோரிக்கை இரு தலைநகரங்களுக்கும் உரியது. மானியத்தை நாட்டின் பெயரால் அளக்கவேண்டாம். வள்ளத்தின் நீளத்தாலும் வலையின் வகையாலும் இயந்திரத்தின் வலுவாலும் அளக்கட்டும். இழுவை மடிக்குக் கிடைக்கும் ஒவ்வொரு சதமும், அது பீஜிங்கிலிருந்து வந்தாலும் சென்னையிலிருந்து வந்தாலும், நிறுத்தப்படட்டும். அதிலே தொழில் இழக்கும் கூலிக்கு மாற்றுத் தொழில் கொடுக்கப்படட்டும். சிறு வள்ளத்தின் மண்ணெண்ணெய் நாணய நிதியத்தின் நிபந்தனைக்கு அப்பாற்பட்டதாகட்டும். ஜெனீவாவுக்குப் போகும் இலங்கைத் தூதுக்குழு, மன்னார், இராமேஸ்வரக் கடற்றொழிலாளர் சங்கங்களுடன் முதலில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகட்டும்.

வழக்குத் தொடராத அந்த இரண்டாண்டுத் தவணை 2027 செப்ரெம்பரில் முடிகிறது. விட்டுவைத்த அத்தியாயத்தை 2029 செப்ரெம்பருக்குள் எழுதி முடிக்காவிட்டால், தாபனத்தின் பொதுச்சபை வேறு தீர்மானம் எடுத்தாலன்றி, ஒப்பந்தம் முழுவதுமே காலாவதியாகும். கொழும்பிலே அதற்கான கோப்பு இப்போதே திறந்திருக்க வேண்டும். தலைமன்னாரிலிருந்தும் விடத்தல்தீவிலிருந்தும் அதில் ஒரு கடிதமேனும் சேர்ந்திருக்கிறதா என்று கடற்றொழில் அமைச்சரை நாம் பகிரங்கமாகக் கேட்கிறோம்.